முதல் கையெழுத்து

786

சாய்ந்தமருது
14.02.1982

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். குவைத் விலாசம் போட்டு நீங்கள் எழுதிய முதல் கடிதம் ஜனவரி கடைசியில் வந்து சேர்ந்தது. மைமூனா மதினி அதை மூன்று தரம் வாசித்தா. உங்கள் உடம்புக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எல்லாரும் துஆ கேட்கிறோம். இங்கே உங்கள் பிள்ளைகள் சுகம். என் வீட்டில் றம்ஸியாவுக்கு இது ஆறாம் மாதம்.

பக்டரிச் செய்தி கேட்டிருந்தீர்கள். எண்பதாம் ஆண்டு வேலைநிறுத்தத்தோடு உங்களை விலக்கிய பிறகு, ஓடு அச்சுப் பகுதியில் யூனியன் என்று எழுந்து கதைக்க ஒருவரும் இல்லை. கடற்கரைப் பக்கத்திலிருந்து போகிற நாங்கள் இருபத்திமூன்று பேர். தமிழாட்கள் பன்னிரண்டு, நம்மட ஆட்கள் பதினொன்று. ஆறாம் வருடமும் அமயத் தொழிலாளர்தான், நாட்கூலி. லீவு இல்லை. ஜும்ஆவுக்குப் போனால் அரை நாள் வெட்டு. இதெல்லாம் நீங்கள் அறிந்தது.

போன கிழமை அறிவித்தல் பலகையில் பதினாலு பேரை நிரந்தரமாக்கி ஒரு பட்டியல் ஒட்டினார்கள். எல்லாரும் செப்டெம்பரில் வந்தவர்கள். அச்சில் களிமண் வைக்கிற விதத்தை அவர்களுக்குப் பழக்கியதே வீரமுனை நல்லரெத்தினம், நல்லண்ணன்தான். அவர் அந்தப் பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பட்டியல் சிங்களத்தில். அவருக்கு வாசிக்க ஏலாது. “அபூ, என்ட பேர் இரிக்கா எண்டு இன்னொருக்காப் பாரு” என்றார். நான் இரண்டாம் முறையும் மேலிருந்து கீழே வாசித்தேன். இல்லை என்றேன். “சரி, வா” என்றார்.

அடுத்த நாள் அவரே, எங்களையும் நிரந்தரமாக்கக் கேட்டு மகஜர் எழுதும் கதையைத் தொடங்கினார். தமிழில் நான் எழுதினேன். களிமண் கிடங்கில் நிற்கிற சோமபால, அவன் நிரந்தர ஆள், அதைச் சிங்களத்தில் எழுதித் தந்தான். சீனிமுகம்மது மட்டும் பயந்தான். “என்னையும் வெட்டிருவானுகள்” என்றான். “ஒருத்தன வெட்டினா இருவத்திமூணு பேரும் படலைய விட்டு வெளிய போறது. அதையும் இதில எழுதித்தான் கிடக்கு” என்று சொல்லி, நல்லண்ணன் தன் கையெழுத்தை எல்லாருக்கும் முதல் வைத்தார். பிறகு ஒருவரும் பின்வாங்கவில்லை. காக்கா, அந்தக் கடதாசியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

மதினியும் பிள்ளைகளும் ஸலாம் சொல்கிறார்கள். பதில் போடுங்கள்.

இப்படிக்கு உங்கள் தம்பி,
அபூசாலி


குவைத்
20.03.1982

அன்புத் தம்பி அபூசாலிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். உன் கடிதத்தை வேலைக்குப் போகும் லொறியில் இருந்து வாசித்தேன். பக்கத்தில் இருந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஊரில் பிள்ளை பிறந்ததா என்று கேட்டான். அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். மகஜரின் பிரதி ஒன்றைப் பக்டரிக்கு வெளியே வை. இரண்டாவது, இனி உங்களில் ஒருவனைத் தனியாக முகாமையாளர் கந்தோருக்குக் கூப்பிடுவார்கள். தனியாகப் போக வேண்டாம். எங்களையும் அப்படித்தான் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.

நல்லரெத்தினத்துக்கு என் ஸலாத்தைச் சொல். எனக்கு வேலை போன ஒன்றரை வருடமும் என் வீட்டு அரிசிப் பானை வெறுமையாகாமல் பார்த்தவன் அவன். வீரமுனையிலிருந்து சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு வருவான். படலைக்குள் இறக்கி வைத்துவிட்டு, நான் வெளியே வருவதற்குள் போய்விடுவான். நன்றி சொல்ல விடமாட்டான். நீ அவனோடு நிற்கிறாய் என்பது எனக்கு இங்கே பெரிய ஆறுதல்.

என் வேலை பற்றி எழுத ஒன்றுமில்லை. குழாய் பதிக்கிறோம். றம்ஸியாவைப் பாரம் தூக்க விடாதே.

வஸ்ஸலாம்.
மக்கீன்


786

சாய்ந்தமருது
25.04.1982

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். நல்ல செய்தி அதோடு முடிந்தது.

மகஜர் கொடுத்த மூன்றாம் கிழமை எங்கள் இருபத்திமூன்று பேரையும் புது அச்சுகளிலிருந்து எடுத்து, பின்பக்கத்துப் பழைய அச்சுகளில் போட்டார்கள். நிரந்தரக்காரருக்குப் புதியது, அமயத்துக்குப் பழையது என்று கங்காணி வாயாலேயே சொன்னான். நல்லண்ணனுக்கும் எனக்கும் இரண்டாம் நம்பர். கைக்குக் காவலாக முன்னால் பூட்டுகிற இரும்புக் கம்பி அதில் இல்லை. உங்கள் காலத்திலேயே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஏப்ரல் எட்டாம் திகதி காலை ஒன்பதரை இருக்கும். களிமண் தட்டு சற்றே விலகிக் கிடந்தது. நல்லண்ணன் அதைச் சரிப்படுத்தக் கையை விட்டார். பிடி வழுக்கி மேல் அச்சு இறங்கிவிட்டது. நான் மூன்று முழத் தூரத்தில் நின்றேன். மெசின் பட்டியைக் கழற்றி, அச்சைக் கிளப்பி, கையை எடுத்தபோது அவர் கத்தவில்லை. “தம்பி, கைய மூடு. நான் பாக்க ஏலா” என்றார். என் சாறனைக் கிழித்துச் சுற்றினேன்.

கந்தோருக்கு ஓடி ஜீப்பைக் கேட்டேன். அமய ஆளுக்கு வாகனம் எழுத ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். சோமபாலதான் களிமண் இழுக்கிற உழவு மெசினைக் கொண்டுவந்தான். ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணித்தியாலம். என் மடியில் தலை வைத்திருந்தார். பெருவிரல் மட்டும் மிஞ்சியது, காக்கா. வலது கை.

அன்று பின்னேரம் நான் திரும்பி வந்தபோது ஒரு அச்சும் ஓடவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லையாம். ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து படலைக்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார்கள். மூன்று நாள் அப்படி இருந்தோம். இரண்டாம் நாள் சோமபாலவும் நிரந்தரக்காரர் ஏழு பேரும் வந்து சேர்ந்தார்கள். வீரமுனைப் பெண்கள் சோறும், நம்மட பெண்கள் மீனாணமும் கொண்டுவந்தார்கள். யாருடைய சட்டியில் யார் சாப்பிட்டோம் என்று தெரியாது.

மூன்றாம் நாள் முகாமையாளர் படலைக்கு வந்தார். “விபத்தைக் கண்டது யார்?” என்று கேட்டார். “நான் கண்டன் சேர். கம்பி இல்லாத மெசின். ஜீப் கேட்டதும் நான்தான்” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. விசாரணை வைப்பதாகவும், நட்டஈடும் நிரந்தரமும் அதில் பேசப்படும் என்றும் எல்லாருக்கும் முன்னால் சொன்னார். அதன் பிறகுதான் எழுந்தோம்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நல்லண்ணன் உங்களைக் கேட்டார். உங்களுக்கு எழுத வேண்டாம், கவலைப்படுவீர்கள் என்றும் சொன்னார். எழுதிவிட்டேன்.

உங்கள் தம்பி,
அபூசாலி


குவைத்
30.05.1982

அன்புத் தம்பி,

அஸ்ஸலாமு அலைக்கும். என் உடம்பு சுகம். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நாலு தரம் பதில் எழுதத் தொடங்கிக் கிழித்தேன்.

அந்தக் கம்பிக்காக எழுபத்தியெட்டில் நானும் ஒரு கடிதம் கொடுத்தேன். பதில் வரவில்லை. நான் பின்னால் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை.

விசாரணையில் மற்றவர்கள் ஆயிரம் சொல்லலாம். சோமபால அப்போது களிமண் கிடங்கில். கண்ணால் கண்டவன் நீ ஒருவன். நீ கண்டதைக் கண்டபடி சொன்னால் போதும், அலங்காரம் வேண்டாம். முடிந்த அன்றே எனக்கு எழுது.

பிள்ளை பிறந்திருந்தால் அதையும் எழுது. உங்கள் எல்லாருக்கும் ஸலாம்.

மக்கீன்


786

சாய்ந்தமருது
12.08.1982

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதப் பிந்தியதற்குக் கோபிக்க வேண்டாம். நோன்பும் வேலையும் சரியாக இருந்தது.

மே மாதம் இருபத்தியோராம் திகதி மகள் பிறந்தாள். றபீக்கா என்று பேர் வைத்தோம். நம்மட வாப்பாவின் நெற்றி. பெருநாளைக்கு நீங்கள் அனுப்பிய துணியை மதினி உங்கள் மூத்தவனுக்குச் சட்டையாகத் தைத்தா. சின்னவன் தனக்கு நீளக்காற்சட்டை வேண்டும் என்று அழுதான். இந்தத் தரம் கடல் கிட்ட வந்துவிட்டது. கரையில் நின்ற நாலு தென்னை சரிந்து கிடக்கின்றன. மீன் நல்லாகப் பட்டது. கீரி மீன் தெருவெல்லாம் மலிந்தது. மதினியின் வீட்டுக் கூரையில் ஒழுகிய இடத்தை மாற்றிவிட்டேன். மாமியின் கண்ணுக்கு மட்டக்களப்பில் மருந்து எடுக்கிறோம்.

விசாரணை தள்ளிப் போயிருக்கிறது. எப்போது என்று சரியாகத் தெரியாது.

இன்னொன்று, ஜூலை முதலாம் திகதி தொடக்கம் என்னை நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். எங்களில் பதினொரு பேரை. அல்ஹம்துலில்லாஹ். நீங்கள் கேட்ட துஆதான்.

றம்ஸியா ஸலாம் சொல்கிறாள். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
அபூசாலி


குவைத்
10.09.1982

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மகள் பிறந்த செய்தியில் மனம் குளிர்ந்தது. அவளுக்கு நீண்ட ஆயுளைக் கேட்கிறேன். நான் சுகம்.

நிரந்தரமானது சந்தோஷம். ஆனால் பதினொரு பேர் என்கிறாய். நம்மட ஆட்கள் பதினொன்று என்று முன்னே நீதான் எழுதினாய். மற்றப் பன்னிரண்டு பேர்?

கூரை, மீன், மாமியின் கண் எல்லாம் எழுதியிருக்கிறாய். நல்லரெத்தினத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. உன் பதில் பிந்தியபோதே மைமூனாவிடம் கேட்டு எழுதினேன். அவளும் பிள்ளைகளின் இருமல் பற்றி மூன்று பக்கம் எழுதியிருக்கிறாள். என்ன நடந்தது அங்கே?

உடனே எழுது.

மக்கீன்


வீரமுனை
03.10.1982

அன்புள்ள மச்சான் மக்கீனுக்கு,

நான் இங்கு நலம். நீயும் நலமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். எழுத்து கோணலாகக் கிடக்கும், பொறுத்துக்கொள். இடது கையால் எழுதப் பழகி இது இரண்டாம் மாதம். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் எடுத்தேன். விலாசம் மைமூனா தங்கச்சி தந்தா. தரும்போது அழுதா. ஏன் என்று நான் கேட்கவில்லை.

உன்னிடம் ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். இரண்டாம் நம்பர் அச்சில் கம்பி இல்லை என்று நீ யூனியன் செயலாளராக இருந்தபோது கடிதம் கொடுத்தாய் அல்லவா? அதை உன் கையால் எழுதி அனுப்பினால் கல்முனை அரசாங்கத் தொழில் கந்தோரில் கொடுத்துப் பார்க்கலாம். அங்கேயுள்ள ஐயா நல்லவர்.

ஏன் தேவை என்றால், பக்டரி விசாரணை ஜூன் இருபத்தியெட்டில் முடிந்துவிட்டது. நான் காலையில் குடித்துவிட்டு வந்தேன், கம்பியை நானே கழற்றினேன் என்று ஒரு வாக்குமூலம் வாசித்தார்கள். சிங்களத்தில் வாசித்துப் பிறகு தமிழில் சொன்னார்கள். அதன் கீழே பதினொரு கையெழுத்து. நான் குடிக்காத மனிதன் என்று உனக்குச் சொல்ல வரவில்லை. சடங்குக்குக் குடித்திருக்கிறேன், நீயும் கண்டிருக்கிறாய். ஆனால் அன்று காலையில் நான் சாப்பிட்டது றம்ஸியா கட்டிக் கொடுத்த பிட்டில் பாதி. மற்றப் பாதி சாப்பிட்டவனுக்கு அது தெரியும்.

சோமபால ஒருவன்தான் எழுந்து, கம்பி எக்காலமும் இல்லை என்றான். அவனைத் தூரத்துக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த கிழமை எங்களில் மற்றப் பதினொரு பேரையும் வேலை இல்லை என்று நிறுத்தினார்கள். பதினொன்றுக்குப் பதினொன்று.

அபூவிடம் ஒரு சொல் கேட்கலாம் என்று சாய்ந்தமருதுக்கு இரண்டு தரம் போனேன். வீட்டில் இல்லை என்றார்கள். அவன் செருப்பு வாசலில் கிடந்தது. மூன்றாம் தரம் போகவில்லை. அவனை நீ ஏச வேண்டாம். கடிதத்தை மட்டும் அனுப்பு.

இப்போது வேலப்போடியாரின் நெல் வட்டையில் காவல் பார்க்கிறேன். அதற்கு ஒரு கை போதும்.

உன் நண்பன்,
நல்லரெத்தினம்


குவைத்
02.11.1982

அபூசாலிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வீரமுனையிலிருந்து கடிதம் வந்தது. வாக்குமூலத்தில் உன் கையெழுத்து உண்டா?

மக்கீன்


786

சாய்ந்தமருது
19.12.1982

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். இங்கே மழை. எல்லாரும் சுகம்.

உண்டு.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூன் நடுப்பகுதியில் பள்ளி நிர்வாகத்து ஆதம்பாவா மரைக்காயர் எங்கள் பதினொரு பேரையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். பெரிய இடத்தில் கதைத்து நம்மட ஆட்கள் பதினொரு பேருக்கும் நிரந்தரம் எடுத்திருப்பதாகச் சொன்னார். ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்க வேண்டும். பதினொன்றும் இருக்க வேண்டும், பத்து இருந்தால் ஒருவருக்கும் இல்லை. கண்டவன் நான் என்பதால் என் கையெழுத்து மேலே வர வேண்டும். “நாம ஒரு குடும்பம் மனே. நம்மட ஆக்களுக்கு நாம பாக்காட்டி ஆரு பாக்கிற?” என்றார்.

நான் மாட்டேன் என்று எழுந்து வந்தேன். அது உண்மை, நீங்கள் யாரிடமும் கேட்கலாம். நாலு நாள் மாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு அவர்களுடைய பெண்சாதிமார் ஒவ்வொருவராக றம்ஸியாவிடம் வந்தார்கள். பிள்ளை பிறந்து நாற்பது கழியாத வீடு. வந்து இருந்து அழுதார்கள். சீனிமுகம்மது என் காலைப் பிடித்தான். “ஆறு வருசம் அபூ. ஆறு புள்ள. நீ ஒருத்தன் நாங்க பத்துப் பேரையும் கொல்லாத” என்றான். தனியாகப் போக வேண்டாம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? அந்தப் பத்துப் பேரும் என்னைப் பார்த்து அதையே கேட்டார்கள். நான் யாரோடு நிற்பது?

கடதாசி சிங்களத்தில் இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை. நிரந்தரத்துக்கான பத்திரம் என்றுதான் நினைத்தேன். இப்படி வரும் என்று தெரிந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன்.

பன்னிரண்டு பேரையும் நிறுத்துவார்கள் என்று அல்லாஹ் மீது ஆணையாக எனக்குத் தெரியாது.

மதினியைக் குறை சொல்ல வேண்டாம். எழுத வேண்டாம் என்று கேட்டது நான்.

உங்கள் தம்பி,
அபூசாலி


குவைத்
16.01.1983

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் வந்து தெளிந்திருக்கிறேன். கவலைப்பட ஒன்றுமில்லை.

உன் முதல் கடிதம் என் பெட்டியில் இருக்கிறது. பலகையில் இருந்த சிங்களப் பட்டியலை நல்லரெத்தினத்துக்காக இரண்டு தரம் வாசித்தேன் என்று எழுதியிருக்கிறாய். அம்பாறையில் சிங்களவர் கடையில் மூன்று வருடம் நின்றவன் நீ. விளங்கவில்லை என்று இனி எனக்கு எழுதாதே.

மற்றது எல்லாவற்றையும் நம்புகிறேன். பத்து வீட்டுக் கண்ணீருக்கு முன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. இங்கே எங்களுக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி, மேலே உள்ளவர்களுக்கு ஒரு தாங்கி. எங்களுடையது வெயிலில் நிற்கிறது. போன ஜூலையில் வங்காளி ஒருவன் அதைக் கேட்டுப் பேசினான். அவன் கேட்டது எங்கள் நாற்பது பேருக்காகவும்தான். அடுத்த நாள் அவனை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். யூனியன் செயலாளர் மக்கீனும் நின்றான். ஆகவே நான் உனக்கு நீதிபதி இல்லை.

நல்லரெத்தினம் கேட்ட கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். தபாலில் போடாதே, கொண்டுபோய்க் கொடு. நீ கண்டதைத் தமிழில் ஒரு கடதாசியில் எழுதி, அதையும் கொண்டுபோ. வேலையை விடு என்று நான் சொல்லவில்லை. அவன் முன்னால் போய் இரு. பிறகு உனக்குத் தெரியும்.

மக்கீன்


786

சாய்ந்தமருது
20.03.1983

அன்பின் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காய்ச்சல் முழுவதும் விட்டிருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறோம். வீட்டில் எல்லாரும் சுகம். றபீக்கா சுவரைப் பிடித்து நிற்கிறாள்.

நீங்கள் சொன்னபடி நான் கண்டதை எழுதினேன். ஒரு பக்கம்தான் வந்தது. எட்டாம் திகதி காலை, கம்பி இல்லை, அவர் குடித்திருக்கவில்லை, ஜீப் தரவில்லை, வாக்குமூலத்தில் உள்ளது பொய், அதை வாசித்து விளங்கித்தான் கையெழுத்து வைத்தேன். இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்குள் அடங்குகிற விஷயம் என்று எனக்கு முன்னே தெரியாது.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு வெள்ளி கழித்தேன். மூன்றாம் வெள்ளி, இந்த மாதம் நாலாம் திகதி, ஜும்ஆ முடிந்து சைக்கிளில் போனேன். வீட்டில் அவர் பெண்சாதி, என்னைக் கண்டதும் உலக்கையை நிறுத்தினா. “வட்டைக்குள்ள நிக்கார்” என்று மட்டும் சொன்னா.

வெட்டுக்கு நிற்கிற வயல். நடுவில் பரண் கட்டி இருந்தார். தகரங்களை வரிசையாகக் கட்டிய கயிறு இடது கையில். கிளி இறங்கும்போது இழுத்தார். என்னைக் கண்டு, “வா” என்றார். இரு என்று சொல்லவில்லை. நானாக ஏறி இருந்தேன். உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்து மடித்து மடியில் செருகினார். தொழில் கந்தோர் ஐயா இதை எதிர்பார்த்திருக்கிறாராம். ஆனால் இது மட்டும் போதாது, கண்ட சாட்சி ஒன்று இல்லாமல் வழக்குக் கோவையைத் திறந்து வைக்க ஏலாது, ஏப்ரல் முடிவோடு மூட வேண்டும் என்று சொன்னாராம். அதைச் செய்தி போலத்தான் சொன்னார். என்னைக் கேட்கவில்லை.

“நல்லண்ணன், முதல் கையெழுத்து என்ட” என்றேன்.

“தெரியும். வாசிச்சிட்டுக் கடதாசிய என்ட பக்கம் திருப்பிக் காட்டினவங்க. உன்ட எழுத்து எனக்குத் தெரியாதா?”

எல்லாவற்றையும் சொன்னேன். மரைக்காயர், பத்துப் பேர், சீனிமுகம்மது காலைப் பிடித்தது. உங்களுக்கு எழுதாத ஒன்றையும் சொன்னேன். அந்தப் பத்துப் பேருக்காக வைத்தேன் என்பது பாதி உண்மைதான். ஜூலை முதலாம் திகதி நிரந்தரப் பட்டியலில் என் பேரை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, காக்கா. அன்று இரண்டாம் முறையும் வாசித்தேன். அவருக்காக அல்ல.

அவர் கயிற்றை இழுத்துவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “பதினொரு குடும்பம். சின்ன விசயம் இல்ல. நீ அண்டைக்கே வந்து, அண்ணன், இப்பிடிக் கேக்கானுகள், நான் என்ன செய்யிற எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருந்தா, வையிடா எண்டுதான் சொல்லியிருப்பன். கை போயிற்று, இனி வராது. நீங்களெண்டாலும் நல்லா இரிங்க எண்டிருப்பன். நீ கேக்கல்ல. மறுகா நான் உன்னத் தேடி வந்தன். நீ உள்ளுக்க இருந்த.”

ஓம் என்றேன்.

பிறகு என் கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். காற்றுக்குப் பறக்காமல் முழங்காலுக்குக் கீழே ஒரு மூலையை வைத்து வாசித்தார். ஒரு பக்கத்துக்கு வெகுநேரம் எடுத்தார். அவர் என்ன சொல்வார் என்று நான் எதிர்பார்த்ததை உங்களுக்கு மறைக்கவில்லை. இனி என்னத்துக்கு அபூ, கிழிச்சுப் போட்டுட்டு வேலையப் பாரு என்பார். அப்படித்தான் நினைத்தேன். அதற்காகத்தான் போனேன் என்று கூடச் சொல்லலாம். மாவடிப்பள்ளிப் பாலத்தைத் தாண்டும்போது அவருடைய குரலில் அதை எனக்குள் சொல்லியும் பார்த்தேன்.

“இதக் குடுக்கட்டா, அண்ணன்?” என்று கேட்டேன்.

“ஓம். குடு.”

“குடுத்தா என்ட வேலை போயிரும்.”

“ஓம்.”

“மத்தப் பத்துப் பேர்ர கையெழுத்தும் பொய்யாகிரும். அவனுகள்ள வேலையும்...”

“தெரியும் தம்பி. குடு.”

கடதாசியை மடித்து என் பையில் அவரே வைத்தார். இடது கையால் வைத்ததால் சற்று நேரம் எடுத்தது. பிறகு எழுந்து மறுபக்கக் கயிற்றடிக்குப் போய்விட்டார். அங்கே கிளி ஒன்றும் இறங்கியிருக்கவில்லை. நான் இறங்கி வந்தேன்.

இன்றோடு பதினாறு நாள். வேலைக்குப் போகும் காலைகளில் என் பஸ் தொழில் கந்தோரைத் தாண்டித்தான் போகிறது. ஆறு மணிக்கு அது பூட்டியிருக்கும். லீவு போட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போகலாம். நிரந்தரமானவனுக்கு இப்போது லீவு உண்டு. போன கிழமை லீவு எடுத்தேன். சந்தையடி வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். றம்ஸியா என்ன வாங்கினீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் வாங்கவில்லை என்றேன்.

சீனிமுகம்மது நேற்று மகனின் சுன்னத்துக்கு அழைக்க வந்தான். வீட்டுக்குச் சீமேந்து போட்டிருக்கிறானாம். என் கையைப் பிடித்துக்கொண்டு, உன்னால்தான் எல்லாம் என்றான். கடதாசி கிடந்த என் பை எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது.

ஏப்ரல் முடிய இன்னும் நாற்பத்தியொரு நாள் இருக்கிறது. நான் கொடுக்கவில்லை, காக்கா. கொடுப்பேன் என்று உங்களுக்கு எழுத வேண்டும் என்றுதான் இன்று இருந்தேன். நாலு பக்கம் நிறைந்துவிட்டது. அந்த ஒரு வசனத்தை எழுத என்னால் ஏலவில்லை.

மதினியும் பிள்ளைகளும் சுகம். இந்தக் கடிதத்தை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

வஸ்ஸலாம்.

உங்கள் தம்பி,
அபூசாலி